கீழே காற்று சரியா?

இது நடந்தது. எனக்கு நடந்தது. இதில் வருகிற நேரங்களை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. கணினியில் பதிவானதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நள்ளிரவு இல்லை. மழை இல்லை, மின்னல் இல்லை. சாதாரணமான ஒரு மாலை ஷிஃப்ட். அறையில் அத்தனை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

எண்ணுவதுதான் என் வேலை. பன்னிரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். பூமிக்கு அடியில் எங்களுக்கு ஒரு பெரிய ஹால். அதன் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னக் குப்பி. அதற்குள் திரவ ஹைட்ரஜன். ஹைட்ரஜன் என்றால் கிட்டத்தட்ட வெறும் புரோட்டான்கள்தான். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான்களை வேகமாக அனுப்பி அந்தப் புரோட்டான்கள் மீது மோதவிடுவோம். சில மோதல்களில், அதுவரை அங்கே இல்லாத ஒரு துகள் புதிதாகப் பிறக்கும். பையான் என்று பெயர். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக்கினால் அதில் இருபத்தாறு துண்டு நேரம்தான் அதற்கு ஆயுசு. அது சாவதற்குள் டிடெக்டர் அதைப் பிடித்துவிடும். எத்தனை பிறந்தன, எந்தக் கோணத்தில் ஓடின என்று நாங்கள் கணக்கெடுப்போம்.

"ரெண்டு பைக் மோதிக்கிட்டா மூணாவதா ஒரு சைக்கிள் எழுந்து ஓடுது. அதை எண்ணத்தான் இவங்களுக்கு இவ்வளவு படிப்பு" என்பார் வால்வு அண்ணன்.

வால்வு அண்ணன்தான் அந்தக் குப்பியைக் குளிர்ச்சியாக வைத்திருந்த டெக்னீஷியன். நாற்பத்தெட்டு வயது. எப்போது பார்த்தாலும் கையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். குப்பிக்கு நேர் கீழே இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு குழி. குளிரூட்டும் நைட்ரஜன் குழாய்கள் எல்லாம் அதற்குள்தான். குழாய் கசிந்தால் குளிர்ந்த நைட்ரஜன் கனத்துப் போய்க் குழியில் தங்கிவிடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. இரண்டு மூச்சு இழுத்தால் போதும், ஆள் விழுந்துவிடுவார். அதற்காகக் குழியில் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் வைத்திருந்தோம். அளவு குறைந்தால் அலாரம் அடிக்கும். எண் எங்கள் கன்ட்ரோல் ரூம் பலகையிலும் தெரியும். நல்ல காற்று என்றால் 20.9 சதவீதம்.

அலாரம் இருந்தாலும் வால்வு அண்ணன் ஏணியில் கால் வைக்கும் முன் ஹாலில் இருக்கும் இன்டர்காமை அழுத்திக் கேட்பார். ஒரு நாளும் கேட்காமல் இறங்கியதில்லை.

"ஏம்மா, கீழே காத்து சரியா?"

அந்தச் சென்சார் ஒரு வாரமாகப் பொய் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பீம், அதாவது அந்த எலக்ட்ரான் ஓட்டம், தானாக நின்றுபோகும். திரும்ப வர நாற்பது நிமிடம் ஆகும். எங்கள் குழுவின் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மதியம், 2:10 மணிக்கு, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்தச் சனியனை முதல்ல அணை."

"சார், குழியில யாராவது இறங்கினா..."

"யாரும் இறங்க மாட்டாங்க. அணைன்னா அணை."

அலாரத்தின் சாவியைத் திருப்பினேன். அலாரம் அடங்கியது. பலகையில் அந்த எண்ணும் இருண்டு போனது.

2:31க்கு வால்வு அண்ணன் ஒரு வால்வைச் சரிசெய்யக் குழியில் இறங்கினார். 2:52க்கு அவரைத் தூக்கி வந்தார்கள். முகம் நீலமாக இருந்தது. கை ஸ்பேனரை விடவே இல்லை.

மறுநாள் தலைவர் ஒரு தாளை என் முன் வைத்தார். வால்வு அண்ணனே வந்து அலாரத்தை அணைத்துவிட்டுப் போனார் என்று அதில் இருந்தது. சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு மாதத்தில் என் பதவிக்காலம் முடிகிறது. நீட்டிப்பதும் நீட்டிக்காததும் தலைவர் கையில். வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போனவர் திரும்பியா வரப்போறார்? நீ உன் வேலையைப் பாரு."

கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை முடிந்த அன்று வாசல் கேட்டில் வால்வு அண்ணனின் மனைவி நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அவரே அணைச்சாரா? நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

"ஆமாங்க."

"வீட்டுல கேஸ் அடுப்பை மூணு தடவை பாத்துட்டுத் தூங்கற மனுஷன்மா அவர்."

நான் கேட்டின் கம்பியைப் பார்த்தேன்.

"சரி. நான் உங்களுக்குச் சாபம் எதுவும் கொடுக்கல. எனக்கு அவரைத் தெரியும். அவர் ஒரு வேலையைப் பாதியில விட்டு வந்ததே இல்லை."

அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார். பதினான்கு மாதம் ஓடிவிட்டது. என் பதவி நீண்டது. தலைவருக்கு இன்னும் பெரிய பதவி வந்தது.

இனி அந்த மாலை.

ஷிஃப்டுக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அன்று என்னோடு தலைவரே வந்து உட்கார்ந்தார். கடைசிக் கோணத்தில் அளவெடுத்தால் பரிசோதனை முடிந்தது. அவருக்கு அதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசை. பையான்கள் நிமிடத்துக்கு நாற்பது என்று வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேசையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் ஒரு முறை 'டிக்' என்று ஒலிக்கும். பன்னிரண்டு வருடம் கேட்ட சத்தம். காதில் விழுவதே இல்லை.

7:18. பீம் நின்றது. பீமை இயக்குபவர்கள் வேறு கட்டிடத்தில் இருக்கிறார்கள். போன் செய்து, எங்கோ ஒரு காந்தம் பழுது, மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார்கள். தலைவர் முணுமுணுத்தார். நான் டிடெக்டரை அணைக்காமல் ஓடவிட்டேன். பீம் இல்லாதபோது அது சும்மா இருக்கும். வானத்திலிருந்து வருகிற கதிர் எப்போதாவது ஒன்று விழும். அவ்வளவுதான்.

7:26. டிக்.

டிக். டிக். டிக்டிக்டிக். பிறகு குறைந்து... நின்றது. நான்கு நொடி கழித்து மறுபடியும். டிக். டிக். டிக்டிக்டிக். குறைந்து... நின்றது.

"என்ன அது?" என்றார் தலைவர்.

"தெரியல சார். பீம் இல்லை."

"எலக்ட்ரிக்கல் கோளாறா இருக்கும். வோல்டேஜை இறக்கு."

இறக்கினேன். டிடெக்டருக்குப் போகிற மின்சாரம் 1,800 வோல்ட்டிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. மின்சாரம் இல்லாத டிடெக்டர் செத்த கண் மாதிரி. அதற்கு எதுவும் தெரியக்கூடாது.

டிக். டிக். டிக்டிக்டிக்.

தலைவர் எழுந்து போய்க் கேபிள்களை ஆட்டிப் பார்த்தார். ஸ்பீக்கரைத் தட்டினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறைகிறது... குறைகிறது. நிறைகிறது... குறைகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். என் நெஞ்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அது மூச்சு.

யாரோ மூச்சு விடுகிறார்கள். எங்கள் கருவி அதை எண்ணிக்கொண்டிருக்கிறது.

நான் சொல்லவில்லை. சொன்னால் தலைவர் சிரிப்பார்.

7:51. பலகையில் குழியின் எண் மாறியது. 20.9 இருந்த இடத்தில் 20.2. பிறகு 19.1. பிறகு 17. அலாரம் அடிக்கவில்லை. சாவியைப் பார்த்தேன். அலாரம் இயங்கும் நிலையில்தான் இருந்தது.

"சார், குழியில ஆக்ஸிஜன் குறையுது."

"சென்சார் போயிருக்கும். அன்னைக்கும் இதே கதைதானே."

அன்றைக்கு என்ற சொல் அவர் வாயில் வந்ததும் டிக் சத்தம் வேகமாகியது. ஓடி வந்தவனுக்கு இரைக்கிற மாதிரி.

8:05. இன்டர்காமில் பச்சை விளக்கு எரிந்தது. ஹாலுக்குள்ளிருந்து யாரோ அழுத்துகிறார்கள் என்று அர்த்தம். ஹால் பூட்டியிருந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் சாவிப் பலகையிலிருந்து ஒரு சாவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பலகையில் பன்னிரண்டு கொக்கிகள். பன்னிரண்டிலும் சாவி தொங்கியது.

கரகரவென்று ஒரு இரைச்சல். பிறகு...

"ஏம்மா... கீழே காத்து சரியா?"

தலைவரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"யாரோ விளையாடறாங்க. அவன் பேசினதைப் பதிவு பண்ணி வெச்சு விளையாடறாங்க."

"சார், ஹால் பூட்டியிருக்கு."

"அவன் கூட்டாளிங்க இன்னும் இங்கதானே வேலை பாக்கறாங்க. இன்னைக்கு ஒருத்தனையாவது பிடிக்கறேன்."

மறுபடியும் பச்சை விளக்கு. மறுபடியும் அதே கேள்வி. அதே குரல். 8:12. 8:19. 8:26. ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை. நான் பதில் சொல்லவில்லை. தலைவர் ஒவ்வொரு முறையும் மேசையைக் குத்தினார்.

8:31. அவர் எழுந்தார். ஒரு சாவியை எடுத்தார். கையடக்க ஆக்ஸிஜன் கருவியைச் சட்டையில் மாட்டிக்கொண்டார். அந்த விபத்துக்குப் பிறகு அது எல்லோருக்கும் கட்டாயம்.

"போகாதீங்க சார்."

"நீ கேமராவைப் பாரு."

பார்த்தேன். ஹால் கேமராவில் அவர் நடந்து போனார். தனியாகத்தான் போனார். குழியின் விளிம்பில் நின்று குனிந்தார். இன்டர்காமை அழுத்தினார்.

"உள்ள வெளிச்சம் தெரியுது. எவனோ கீழ இருக்கான்."

"சார், மேல வந்துடுங்க. செக்யூரிட்டியைக் கூப்பிடறேன்."

"என் கருவியில 20.9 காட்டுது. நல்லாத்தான் இருக்கு." பிறகு கேட்டார். "உன் பலகையில என்ன காட்டுது? கீழே காத்து சரியா?"

டிக் சத்தம் நின்றது.

பலகையைப் பார்த்தேன். 17... 19... 20.9. என் கண் முன்னாலேயே ஏறி நின்றது. நல்ல காற்று. உண்மையான எண்.

"சரி சார்" என்றேன். அடுத்து வந்த சொல்லை நான் யோசிக்கவில்லை. யாரோ என் வாயைத் திறந்து எடுத்துக்கொண்ட மாதிரி வந்தது.

"இறங்குங்க."

மணி 8:44.

அவர் இறங்கினார். கேமராவில் முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தலை மறைந்தது.

காத்திருந்தேன்.

"சார்?"

பதில் இல்லை.

"சார்... கேக்குதா?"

டிக்.

டிக். டிக். டிக்டிக்டிக்.

போனை எடுத்தேன். டயல் டோன் இல்லை. காதில் யாரோ மூச்சு விட்டார்கள்.

எழுந்து ஓட நினைத்தேன். பாதிதான் எழ முடிந்தது. மறுபடியும் நாற்காலியில் விழுந்தேன். தலை சுற்றியது. என் சட்டையில் இருந்த கருவியைப் பார்த்தேன்.

18.2.

நான் இருந்தது கன்ட்ரோல் ரூம். கதவு பாதி திறந்திருந்தது. இங்கே எந்தக் குழாயும் இல்லை.

17.

16.1.

என் பின்னால்... பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில்... குளிர்.

திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

15.4.

எதிரே ஷிஃப்ட் நோட்டு திறந்திருந்தது. வால்வு அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பேனாவை எடுத்தேன். எழுதினேன். அலாரத்தை அணைத்தது அவர் இல்லை. தலைவர் சொன்னார், நான் அணைத்தேன். நான் போட்டது பொய்க் கையெழுத்து.

கருவியைப் பார்த்தேன்.

14.

குறைந்திருந்தது.

"எழுதிட்டேன் அண்ணே..."

13.2.

கண் இருண்டது. விரல் நுனி நீலமாகியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. நான் இன்னும் எழுதாத ஒரு வரி இருக்கிறது.

அதைக் கணவரிடம் சொன்னதில்லை. விசாரணையில் சொன்னதில்லை. உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை.

அந்த மதியம் 2:31க்கு அவர் கேட்டார். எப்போதும் போல இன்டர்காமை அழுத்திக் கேட்டார். ஏம்மா, கீழே காத்து சரியா? பலகை இருண்டிருந்தது. இருட்டாக்கியது நான்தான். என் கண் பையான் எண்ணிக்கையில் இருந்தது. தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னேன்.

"சரி அண்ணே. இறங்குங்க."

அந்த வரியை எழுதினேன். எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஆனால் எழுதினேன்.

20.9.

சட்டென்று நெஞ்சு நிறையக் காற்று. இருமினேன். முதல் வேலையாக பதிவை நிறுத்தும் பொத்தானை அறைந்தேன். அந்த டிக் சத்தம் இனி ஒன்றுகூடக் கேட்கக்கூடாது.

8:58. ஸ்பீக்கர் அடங்கியது. அதே நொடியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயே திறக்காத குழி அலாரம் அலற ஆரம்பித்தது.

மீட்புக் குழு ஆறு நிமிடத்தில் வந்தது. குழியில் அவர்கள் அளந்தபோது ஆக்ஸிஜன் 20.9. தலைவர் ஏணிக்குக் கீழே உட்கார்ந்த நிலையில் இருந்தார். அவர் சட்டையில் இருந்த கருவி எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. இறங்கியது முதல் வெளியே எடுத்தது வரை 20.9. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. பரிசோதித்த மருத்துவர் மூன்று பக்கம் எழுதினார். சுருக்கம் ஒன்றுதான். ஆக்ஸிஜன் இல்லாமல் இறந்திருக்கிறார்.

அந்த நோட்டை நானே கொண்டுபோய் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். என் வேலை போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. கணவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. வால்வு அண்ணனின் மனைவியைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கடைசி வரி உட்பட. நின்று கேட்டார்.

"பதினாலு மாசம் ஆச்சா உங்களுக்கு" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

ஆறு வாரம் கழித்து, எங்கள் குழுவில் கணக்குப் போடுகிற பெண் போன் செய்தாள். துகள்கள் டிடெக்டரில் விட்டுப்போகிற தடங்களைப் பின்னோக்கி நீட்டி, அவை எங்கே பிறந்தன என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பையான் என்றால் தடங்கள் எல்லாம் ஹைட்ரஜன் குப்பியில் போய்ச் சேரும். அந்த மாலையின் பதிவையும் அவள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"அக்கா, தனியா இருக்கீங்களா?"

"சொல்லு."

"7:26லேருந்து 8:44 வரைக்கும் எல்லாத் தடமும் ஒரே புள்ளியிலேருந்து வருது. குப்பி இல்லை. குழிக்குள்ள. தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துல."

விழுந்து கிடக்கிற ஒருவரின் வாய் இருக்கிற உயரம்.

"8:44க்கு அந்தப் புள்ளி நகருது அக்கா. ஏணி வழியா, ஒவ்வொரு படியா மேல ஏறுது. ஹாலைத் தாண்டி, ரெண்டு மீட்டர் கான்கிரீட் சுவரைத் தாண்டி, 8:47க்கு கன்ட்ரோல் ரூமுக்கு வருது. மூணாவது நாற்காலிக்குப் பின்னால நிக்குது."

மூன்றாவது நாற்காலி என்னுடையது.

"அது மேல ஏறின அதே நிமிஷம் குழியில இன்னொரு புள்ளி ஆரம்பிக்குது. அது இன்னும் அங்கதான் இருக்கு. பீம் நிக்கறப்பல்லாம் எண்ணுது. நேத்துக்கூட."

தலைவர்.

"அப்போ முதல் புள்ளி?" என்றேன்.

போனில் அவள் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"8:58 வரைக்கும் உங்க நாற்காலிக்குப் பின்னால நிக்குது. அப்புறம் நீங்க பதிவை நிறுத்திட்டீங்க. மறுநாள் திரும்ப ஆரம்பிச்சப்ப முதல் வேலையா அதைத்தான் தேடினேன். இந்த ஆறு வாரமும் தேடிட்டேன்."

"கிடைச்சுதா?"

"இல்லக்கா. கன்ட்ரோல் ரூம்லயும் இல்லை. அது ஹாலுக்குத் திரும்பி வரவே இல்லை."